31 பக்க ரிப்போர்ட், 22-ஆம் பக்கத்துல ஒரு வரி, 90,000 ரூபாய் நஷ்டம்: ஆபீஸ் ரிப்போர்ட்டோட முதல் பக்கங்களை எழுதுவது எப்படி?



குரூப் ஹெல்த் இன்சூரன்ஸ் வீடியோல, "நான் எழுதின ஒரு ரிப்போர்ட்டால எங்க ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கு 90,000 ரூபாய் போச்சு"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். வீடியோல அதை விளக்க நேரம் இல்லை. இன்னைக்கு முழுசா எழுதுறேன். இன்சூரன்ஸை விட இதுல அதிகமா இருக்கப் போறது ரிப்போர்ட் எழுதுற விஷயம்தான். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன எல்லார்கிட்டயும் ஒரு நாள் மேனேஜர் வந்து, "இதைப் பத்தி ஒரு ரிப்போர்ட் ரெடி பண்ணிடுப்பா"ன்னு சொல்லுவார். அன்னைக்கு இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவும்.

என்ன நடந்துச்சு?

அப்போ எனக்கு 24 வயசு. 120 பேர் வேலை பார்க்கிற ஒரு கம்பெனியில அட்மின் டீம்ல இருந்தேன். ஊழியர்களோட குரூப் ஹெல்த் பாலிசி முடியப் போகுது. புதுசா மூணு கொட்டேஷன் வந்திருக்கு. "மூணையும் ஒப்பிட்டு ஒரு ரிப்போர்ட் கொடு"ன்னு எம்.டி. கேட்டார்.

நான் ரெண்டு வாரம் உட்கார்ந்து 31 பக்கம் எழுதினேன். முதல் மூணு பக்கம் இன்சூரன்ஸ்னா என்ன, அது ஏன் முக்கியம், நம்ம கம்பெனியோட வரலாறு. நாலாவது பக்கத்துல ஒரு டேபிள், அதுல மூணு கொட்டேஷனோட பிரீமியம் மட்டும். அதுக்கப்புறம் ஒவ்வொரு பாலிசியோட விவரம். 22-ஆம் பக்கத்துல, ஒரு டேபிளுக்குக் கீழே சின்ன எழுத்துல ஒரு வரி: கொட்டேஷன் பி-யில் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதத்துக்கு உட்பட்டது.

எம்.டி. ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவுல பத்து நிமிஷத்துல ரிப்போர்ட்டைப் புரட்டினார். நாலாவது பக்க டேபிள்ல பி-தான் குறைவு. கையெழுத்துப் போட்டுட்டார்.

நாலு மாசம் கழிச்சு, அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு அக்காவோட அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுடுச்சு. ஆபரேஷன், இம்பிளான்ட், அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. பாலிசி 3 லட்சத்துக்கு. 1 சதவீதம்னா ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் ரூம்தான் அனுமதி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில காலியா இருந்தது 6,000 ரூபாய் ரூம். "இன்சூரன்ஸ்தான் இருக்கே"ன்னு அக்கா அதையே எடுத்துக்கிட்டாங்க.

மொத்த பில் 2,80,000 ரூபாய். ரூம் வாடகை 30,000. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் மாதிரி செலவுகள் 1,50,000. மருந்து, இம்பிளான்ட், ஸ்கேன், டெஸ்ட் 1,00,000. ரூம் வரம்பை விட ரெண்டு மடங்கு வாடகையில ரூம் எடுத்ததால, வாடகையில பாதி மட்டும் கிடைச்சுது. அதோட நிக்கலை. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் செலவுலயும் பாதிதான் கிடைச்சுது. இதுக்குப் பேர்தான் விகிதாச்சாரக் கழிவு. மருந்து, இம்பிளான்ட், டெஸ்ட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது, அது முழுசா வந்துச்சு. ஆக 15,000, 75,000, 1,00,000 சேர்த்து 1,90,000 ரூபாய் வந்துச்சு. மீதி 90,000 ரூபாய்க்கு அக்கா வளையலை அடகு வெச்சாங்க.

எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "இந்த ரூம் வாடகை விஷயம் உன் ரிப்போர்ட்ல எங்க இருக்கு தம்பி?" 22-ஆம் பக்கத்தைக் காட்டினேன். "22-ஆம் பக்கம் வரைக்கும் நான் வருவேன்னு நீ எப்படி நினைச்ச?"ன்னு கேட்டார். அவர் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

பி-க்கும் அடுத்த கொட்டேஷன் ஏ-க்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரு ஊழியருக்கு வருஷத்துக்கு 1,200 ரூபாய். மாசத்துக்கு 100 ரூபாய். அந்த ஒரு வரி முதல் பக்கத்துல இருந்திருந்தா, முடிவு மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

என் ரிப்போர்ட்ல பொய் எதுவும் இல்லை. எல்லா விவரமும் இருந்துச்சு. இருக்க வேண்டிய இடத்துல இல்லை, அவ்வளவுதான்.

இது எனக்கு மட்டும் நடந்ததா?

இல்லை. இதை விட ரொம்பப் பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலம் நினைவிருக்கும். 2003 ஜனவரி 16-ல கிளம்பினப்போ, எரிபொருள் டேங்க்ல இருந்து ஒரு நுரைத்துண்டு பிய்ஞ்சு இடது இறக்கையில மோதுச்சு. விண்கலம் மேல சுத்திக்கிட்டு இருக்கும்போதே இன்ஜினியர்கள் ஆய்வு பண்ணி, நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளா கொடுத்தாங்க. அதுல ஒரு ஸ்லைடோட தலைப்பைப் படிச்சா, பரிசோதனை விவரங்கள் ஓரளவு தைரியம் கொடுக்குதுன்னு தோணும். அதே ஸ்லைடோட அடியில, சின்ன எழுத்துல, இருக்கிற பரிசோதனை எல்லாம் 3 கன அங்குலத் துண்டுகளை வெச்சுப் பண்ணினது, இங்க மோதினது சுமார் 1,920 கன அங்குலம்னு இருந்துச்சு. கிட்டத்தட்ட 640 மடங்கு! அதாவது, அந்தப் பரிசோதனையை வெச்சு இதைப் பத்தி எதுவுமே சொல்ல முடியாது. அந்தச் செய்திதான் தலைப்பா வந்திருக்கணும். பிப்ரவரி 1-ஆம் தேதி பூமிக்குத் திரும்பும்போது விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்துட்டாங்க. விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனா விசாரணைக் குழு 2003 ஆகஸ்ட்ல கொடுத்த அறிக்கை, இந்த ஸ்லைடை எடுத்துப் போட்டு, முக்கியமான விஷயம் எப்படி அடியில புதைஞ்சு போச்சுன்னு தனியாவே பேசியிருக்கு.

நம்ம ரிப்போர்ட்ல உயிர் போகாது. ஆனா பணம் போகும், வேலை போகும், நம்ம பேரும் போகும். அதனால முதல் பக்கங்களை எப்படி எழுதுறதுன்னு ஒழுங்கா பார்த்துடலாம்.

முதல்ல வரிசை

ஒரு முறையான பிசினஸ் ரிப்போர்ட்டோட தொடக்கத்துல வழக்கமா அஞ்சு பகுதிகள் இருக்கும்.

1. தலைப்புப் பக்கம்
2. கவரிங் லெட்டர்
3. பொருளடக்கம்
4. எக்ஸிகியூட்டிவ் சம்மரி, அதாவது நிர்வாகச் சுருக்கம்
5. அறிமுகம்

சில ஆபீஸ்ல கவரிங் லெட்டர் தனியா, ரிப்போர்ட்டுக்கு வெளியே இருக்கும். இப்போ பல இடத்துல அது ஒரு மெயிலாவே போயிடுது. எப்படி இருந்தாலும் அதோட வேலை ஒண்ணுதான்.

படிக்கிறவருக்கு இதுதான் வரிசை. எழுதுற வரிசை வேற. முதல்ல ரிப்போர்ட்டோட உடம்பை, அதாவது விவரம், கணக்கு, முடிவு எல்லாத்தையும் எழுதி முடிங்க. அப்புறம் அறிமுகம். அப்புறம் சம்மரி. கடைசியா லெட்டரும் பொருளடக்கமும். என்ன கண்டுபிடிச்சோம்னு தெரியாம சம்மரி எழுத உட்கார்ந்தா, "இந்த அறிக்கையில் பல்வேறு அம்சங்கள் ஆராயப்பட்டுள்ளன" மாதிரி காத்து வாக்கியம்தான் வரும்.

உங்க ஆபீஸ்ல அனேகமா இங்கிலீஷ்லதான் எழுதுவீங்க. கீழே இருக்கிற மாதிரிகளைத் தமிழ்ல கொடுத்திருக்கேன். அமைப்பு எந்த மொழிக்கும் ஒண்ணுதான். என்னோட பழைய ரிப்போர்ட்டையே எடுத்து, இன்னைக்கு எழுதினா எப்படி எழுதுவேனோ அப்படிக் காட்டுறேன்.

1. தலைப்புப் பக்கம்

இதுல நாலு விஷயம் போதும்: ரிப்போர்ட்டோட தலைப்பு, யாருக்கு, யார் தயாரிச்சது, தேதி. ரகசிய விவரம் இருந்தா அதையும் குறிப்பிடணும். ரெண்டு மூணு தடவை திருத்தினா பதிப்பு எண் போடுங்க. மீட்டிங்ல ஒருத்தர் கையில பழைய காப்பி, இன்னொருத்தர் கையில புதுசுன்னு இருந்தா அசிங்கமாயிடும்.

முக்கியமா கவனிக்க வேண்டியது தலைப்பு. நான் அன்னைக்கு வெச்ச தலைப்பு: "குழு மருத்துவக் காப்பீடு குறித்த அறிக்கை". இதுல எதைப் பத்தின்னு மட்டும்தான் தெரியுது. எதுக்காகன்னு தெரியலை.

இன்னைக்கு வைக்கிறதா இருந்தா: "குழு மருத்துவக் காப்பீடு புதுப்பிப்பு: மூன்று கொட்டேஷன்களின் ஒப்பீடும் பரிந்துரையும்". படிக்கிறவருக்கு இது ஒரு முடிவெடுக்க வேண்டிய விஷயம்னு தலைப்பிலேயே தெரிஞ்சுடும். எந்த வருஷத்துக்கான புதுப்பிப்புன்னு வருஷத்தையும் சேர்த்துடுங்க.

2. கவரிங் லெட்டர்

"இத்துடன் அறிக்கையை இணைத்துள்ளேன், தயவுசெய்து பார்க்கவும்." நிறைய பேர் இதோட நிறுத்திடுவோம். ரிப்போர்ட்ல நிச்சயமா படிக்கப்படுற ஒரே இடம் இந்த லெட்டர்தான். அதை இப்படி வீணாக்கலாமா?

லெட்டர்ல இருக்க வேண்டியவை: யார், எப்போ கேட்ட ரிப்போர்ட் இது. முக்கியமா என்ன தெரிஞ்சுது. எந்தத் தேதிக்குள்ள என்ன முடிவு வேணும். கவனமா பார்க்க வேண்டியது எது, அது எந்தப் பக்கத்துல இருக்கு. சந்தேகம் இருந்தா யாரைக் கேட்கணும். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

மாதிரி:

"ஐயா, பிப்ரவரி 12 அன்று தாங்கள் கேட்டபடி, குழு மருத்துவக் காப்பீட்டுக்கான மூன்று கொட்டேஷன்களை ஒப்பிட்டு இந்த அறிக்கையைத் தயாரித்துள்ளேன். கொட்டேஷன் ஏ-யைப் பரிந்துரைக்கிறேன். விலை குறைந்த கொட்டேஷன் பி-யில் அறை வாடகை வரம்பு இருப்பதால், ஊழியர்கள் கையிலிருந்து பெரிய தொகை கட்ட நேரலாம். அதன் கணக்கு 6-ஆம் பக்கத்தில் உள்ளது. தற்போதைய பாலிசி மார்ச் 31 அன்று முடிவதால், மார்ச் 20-க்குள் தங்கள் ஒப்புதல் தேவை. விவரம் தேவைப்பட்டால் நேரில் வந்து விளக்குகிறேன்."

ஆறு வாக்கியம். ரிப்போர்ட்டைத் திறக்காமலேயே எம்.டி.க்கு விஷயம் போயிடுச்சு. உதவி பண்ணின டீமுக்கு நன்றி சொல்லணும்னாலும் இங்கதான் ஒரு வரி சேர்க்கணும்.

3. பொருளடக்கம்

ஏழு எட்டு பக்க ரிப்போர்ட்டுக்கு இது தேவையே இல்லை. பத்துப் பதினஞ்சு பக்கத்தைத் தாண்டினா போடுங்க. டைப் பண்ணி, புள்ளி வெச்சு, பக்க எண்ணைக் கையால போடாதீங்க. வேர்ட்ல ஒவ்வொரு தலைப்புக்கும் ஹெடிங் ஸ்டைல் கொடுத்துட்டு, ரெஃபரன்சஸ் மெனுவுல இருந்து பொருளடக்கத்தைப் போட்டா அதுவே பக்க எண்ணை எடுத்துக்கும். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்டேட் கொடுக்க மறக்காதீங்க. மறந்தா பொருளடக்கத்துல 9-ஆம் பக்கம், உள்ளே 11-ஆம் பக்கம்னு இருக்கும்.

ஒரு சின்ன மரபு: அறிமுகத்துக்கு முன்னாடி வர்ற பக்கங்களுக்குச் சின்ன ரோமன் எண், அறிமுகத்துல இருந்து 1, 2, 3. தலைப்புப் பக்கம் எண்ணிக்கையில சேரும், ஆனா அதுல எண் அச்சிட மாட்டாங்க. வேர்ட்ல இதுக்கு அறிமுகத்துக்கு முன்னாடி ஒரு செக்ஷன் பிரேக் போடணும். டேபிள், சார்ட் நிறைய இருந்தா அதுக்குத் தனிப் பட்டியல்.

தலைப்புகளை எழுதும்போது, "பாலிசி விவரங்கள்", "பகுப்பாய்வு", "இதர விவரங்கள்"னு எழுதாதீங்க. "பிரீமியம் ஒப்பீடு", "அறை வாடகை வரம்பால் வரும் செலவு"ன்னு எழுதுங்க. பொருளடக்கத்தை மட்டும் படிச்சாலே பாதி கதை புரியணும்.

4. எக்ஸிகியூட்டிவ் சம்மரி

நண்பர்களே, இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா, இதை எடுத்துக்கோங்க.

மெக்கின்சி கன்சல்டிங் நிறுவனத்துல வேலை பார்த்த பார்பரா மின்டோ, பிசினஸ் எழுத்துக்கு ஒரு முறையைப் பிரபலப்படுத்தினாங்க. பிரமிடு முறைன்னு பேரு. விடையை முதல்ல சொல்லு, அதுக்குக் கீழே காரணங்களை அடுக்கு, அதுக்கும் கீழே ஆதாரத்தை வை. நம்ம ஸ்கூல்ல, காலேஜ்ல படிச்சது இதுக்கு நேர் தலைகீழ். முன்னுரை, பொருளுரை, கடைசியிலதான் முடிவுரை. பரீட்சைப் பேப்பர் திருத்துற சார் கடைசி வரைக்கும் படிப்பார், அது அவரோட வேலை. மேனேஜருக்கு அது வேலை இல்லை.

சம்மரியில ஆறு கேள்விக்கு விடை இருக்கணும்: என்ன பிரச்சனை? என்ன பரிந்துரை? ஏன்? எவ்வளவு பணம்? என்ன ரிஸ்க்? இப்போ அவர் என்ன பண்ணணும்? நீளம் ரிப்போர்ட்ல பத்துல ஒரு பங்குன்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. 20, 30 பக்க ரிப்போர்ட்டுக்கு ஒரு பக்கத்துலயே முடிக்கப் பாருங்க.

மாதிரி:

"நிர்வாகச் சுருக்கம்

120 ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்குமான மருத்துவக் காப்பீடு மார்ச் 31 அன்று முடிகிறது. புதுப்பிக்க மூன்று கொட்டேஷன்கள் வந்துள்ளன. மூன்றிலும் காப்பீட்டுத் தொகை ரூ.3 லட்சம்.

பரிந்துரை: கொட்டேஷன் ஏ. ஆண்டு பிரீமியம் ரூ.21,84,000.

காரணம்: கொட்டேஷன் பி ரூ.20,40,000. அதாவது ரூ.1,44,000 குறைவு, ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு ரூ.1,200. ஆனால் பி-யில் அறை வாடகை நாளுக்கு ரூ.3,000 வரை மட்டுமே. ரூ.6,000 அறையில் சேரும் ஒருவர், ரூ.2,80,000 பில்லில் சுமார் ரூ.90,000 கையிலிருந்து கட்ட நேரும். ஏ-யில் இந்த வரம்பு இல்லை. கொட்டேஷன் சி ரூ.23,40,000. ஏ-யை விட ரூ.1,56,000 அதிகம், கூடுதலாகக் கிடைப்பது ஆண்டு உடல் பரிசோதனை மட்டுமே.

ரிஸ்க்: இந்த ஆண்டு கிளெய்ம் அதிகமானால், அடுத்த புதுப்பிப்பில் பிரீமியம் உயரலாம். இது மூன்று கொட்டேஷன்களுக்கும் பொருந்தும்.

தேவைப்படும் முடிவு: கொட்டேஷன் ஏ-க்கு மார்ச் 20-க்குள் ஒப்புதல்."

இதுல கவனிங்க. "மிகவும் சிறந்த", "ஊழியர் நலன் கருதி" மாதிரி வார்த்தை ஒண்ணு கூட இல்லை. 90,000 ரூபாய்ங்கிற எண்ணே பேசிடுது. ரெண்டாவது, 1,44,000-ஐ 1,200-ஆ உடைச்சுக் காட்டியிருக்கு. பெரிய தொகையாப் பார்த்தா "ஒன்றரை லட்சம் மிச்சம்"னு தோணும். ஆளுக்கு எவ்வளவுன்னு பார்த்தா கண்ணோட்டமே மாறும். ரெண்டையும் சேர்த்தே கொடுங்க. ஒண்ணை மட்டும் கொடுத்து மறைக்கிறதும் தப்புதான்.

சம்மரிக்கு மூணு கட்டுப்பாடு:

உள்ளே இல்லாத எந்தத் தகவலும் சம்மரியில புதுசா வரக் கூடாது. சம்மரியில இருக்கிற ஒவ்வொரு எண்ணும் உள்ளே இருக்கிற டேபிளோட அப்படியே பொருந்தணும். சுருக்கெழுத்தை முதல் தடவை முழுசா விரிச்சு எழுதணும். உங்க டீமுக்குப் புரியற சுருக்கெழுத்து, ஃபைனான்ஸ் ஹெட்டுக்குப் புரியணும்னு இல்லை.

5. அறிமுகம்

சம்மரிக்கும் அறிமுகத்துக்கும் வித்தியாசம் தெரியாம நிறைய பேர் ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எழுதுறாங்க. சம்மரி, முழு ரிப்போர்ட்டோட சின்ன வடிவம். முடிவு அதுல இருக்கும். அறிமுகம், ரிப்போர்ட்டைப் படிக்கத் தேவையான தரை. முடிவு அதுல வேண்டாம். சம்மரியை மட்டும் படிச்சுட்டு ஒருத்தர் எழுந்து போகலாம். அறிமுகத்தைப் படிக்கிறவர் மேற்கொண்டு உள்ளே போகப் போறார்.

அறிமுகத்துல வர வேண்டியவை:

பின்னணி. இப்போ நிலைமை என்ன, எதனால இந்தக் கேள்வி வந்துச்சு. ரெண்டு மூணு வரி போதும். கம்பெனி எந்த வருஷம் ஆரம்பிச்சாங்கன்னு எம்.டி.க்கு நாம சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பிச்சவரே அவர்தான்!

நோக்கம். ஒரே வாக்கியம். "மூன்று கொட்டேஷன்களில் எதை ஏற்பது என்று முடிவெடுக்க உதவுவது இந்த அறிக்கையின் நோக்கம்."

எல்லை. எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கலை. "விபத்துக் காப்பீடு, டெர்ம் இன்சூரன்ஸ் இந்த அறிக்கையில் சேர்க்கப்படவில்லை."

முறை. விவரம் எங்கிருந்து வந்துச்சு. "மூன்று கொட்டேஷன்கள், அவற்றின் பாலிசி வாசகங்கள், கடந்த ஆண்டு கிளெய்ம் பட்டியல், அருகிலுள்ள மூன்று மருத்துவமனைகளில் தொலைபேசியில் கேட்ட அறை வாடகை."

குறைபாடு. எதை உறுதியா சொல்ல முடியாது. "அறை வாடகை விவரம் மூன்று மருத்துவமனைகளில் மட்டுமே பெறப்பட்டது. சொந்த ஊரில் சிகிச்சை பெறும் பெற்றோருக்கு இது மாறலாம்."

இந்தக் கடைசிப் பகுதியை எழுத நிறைய பேருக்குப் பயம். "எனக்குத் தெரியலைன்னு எழுதினா திறமை இல்லைன்னு நினைப்பாங்களே"ன்னு. அனுபவத்துல சொல்றேன், நடக்கிறது நேர்மாறு. எல்லை தெரிஞ்சு எழுதுறவன் சொல்ற மீதி விஷயத்தை நம்புவாங்க. மீட்டிங்ல ஒருத்தர் ஓட்டையைக் கண்டுபிடிச்சுக் கேட்கிறதுக்கு முன்னாடி, நீங்களே அதை எழுதி வெச்சிருந்தா அது உங்களுக்குப் பாதுகாப்பு.

மேனேஜர், "இதை முன்னாடி போடாதே"ன்னு சொன்னா?

இது கண்டிப்பா ஒரு நாள் வரும். பட்ஜெட் ஏற்கெனவே முடிவாயிருக்கும். மேலே ஒருத்தருக்கு விலை குறைஞ்சதுதான் வேணும். "அந்த ரூம் வாடகை விஷயத்தைப் பின்னாடி தள்ளிடு, முன்னாடி போட்டா பிரச்சனை வரும்"னு சொல்லுவாங்க. நமக்கோ அப்ரைசல் அவர் கையில.

நான் பண்றது இதுதான். வார்த்தையில விட்டுக் கொடுப்பேன், எண்ணுல விட மாட்டேன். "பி மோசமானது"ன்னு எழுத மாட்டேன். "பி-யில் அறை வாடகை வரம்பு நாளுக்கு ரூ.3,000, இதன் விளைவு 6-ஆம் பக்கம்"னு எழுதுவேன். இதுல யாரையும் குறை சொல்லலை. பரிந்துரையை நேரடியா சொல்றது சங்கடமா இருந்தா, ரெண்டு வழி, ஒவ்வொண்ணோட விலை, ஒவ்வொண்ணோட பாதிப்புன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு முடிவை அவங்ககிட்டயே விடலாம். கெட்ட செய்தியைக் கொஞ்சம் பின்னணி சொல்லிட்டு அப்புறம் சொல்ற முறையும் உண்டு, அது தப்பில்லை. ஆனா அது முதல் பக்கத்துக்குள்ளேயே நடக்கணும். பின்னணி சொல்றேன்னு 22-ஆம் பக்கத்துக்குக் கொண்டு போயிடக் கூடாது.

அதையும் ஒத்துக்கலைன்னா, நீங்க கொடுத்த வடிவத்தை மெயில்ல அனுப்பி, ஒரு காப்பி வெச்சுக்கோங்க. சண்டைக்கு இல்லை. நாளைக்கு ஒருத்தர் வந்து "இது எங்க இருக்கு?"ன்னு கேட்டா காட்டுறதுக்கு.

அனுப்புறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷ செக்

1. ஒரு நிமிஷ டெஸ்ட்: ரிப்போர்ட்டைப் பத்தி எதுவும் தெரியாத ஒரு நண்பர்கிட்ட சம்மரியை மட்டும் ஒரு நிமிஷம் கொடுங்க. திருப்பி வாங்கிட்டு, "என்ன முடிவு எடுக்கணும்? எவ்வளவு பணம்? என்ன ரிஸ்க்?"னு கேளுங்க. மூணுக்கும் பதில் வந்தா பாஸ்.
2. லெட்டர், சம்மரி, உள் டேபிள், மூணுலயும் ஒரே எண்ணா? கடைசி நேரத்துல டேபிளை மாத்திட்டு சம்மரியை மறக்கிறதுதான் ரொம்ப சகஜமான தப்பு.
3. பின் பக்கங்கள்ல இருக்கிற அடிக்குறிப்பு எல்லாத்தையும் ஒரு தடவை படிங்க. "இது தெரிஞ்சா அவர் முடிவை மாத்துவாரா?"ன்னு ஒவ்வொண்ணுக்கும் கேளுங்க. ஆமான்னா, அதோட இடம் முதல் பக்கம்.
4. பேர், பதவி, தேதி சரியா இருக்கா? எம்.டி. பேர்ல எழுத்துப்பிழை இருந்தா மீதி 30 பக்கமும் சந்தேகத்தோடதான் படிக்கப்படும்.
5. பொருளடக்கம் அப்டேட் ஆச்சா?

இதுல மூணாவது கேள்வியைத்தான் நான் அன்னைக்குக் கேட்காம விட்டேன்.

வேற எங்கெல்லாம் இது உதவும்?

செல்ஃப் அப்ரைசல் ஃபார்ம்ல, வருஷம் முழுக்கப் பண்ணின வேலையை ஜனவரியில இருந்து வரிசையா எழுதாதீங்க. கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் பண்ணினீங்க, என்ன எதிர்பார்க்கிறீங்கன்னு முதல் ரெண்டு வரியில வரட்டும். அப்பாவோட கடைக்கு பேங்க் லோன் கேட்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போடும்போது, எவ்வளவு லோன், எதுக்கு, எந்த வருமானத்துல இருந்து எப்போ திருப்பிக் கட்டுவோம்னு முதல் பக்கத்துலயே சொல்லிடுங்க. கிளை மேனேஜருக்கும் நேரம் குறைவுதான்.

படிக்கிற பக்கத்துல உட்காரும்போதும் இதே பாடம்தான், ஆனா தலைகீழா. உங்க கைக்கு வர்ற பாலிசி புக்லெட், மியூச்சுவல் ஃபண்ட் ஆவணம், கம்பெனி ஆண்டறிக்கை, எதையும் முதல் பக்கத்தோட மூடிடாதீங்க. முன்னாடி அழகா எழுதினவங்க பின்னாடி அடிக்குறிப்புல என்ன வெச்சிருக்காங்கன்னு பாருங்க.

இந்த வார ஹோம்வொர்க்

ரெண்டே ரெண்டு வேலை. ஒண்ணு, நீங்க கடைசியா எழுதின ரிப்போர்ட்டையோ, ஒரு நீளமான மெயிலையோ எடுங்க. அதோட முதல் பக்கத்தை மட்டும் ஆறு கேள்வி முறையில திருப்பி எழுதிப் பாருங்க. அரை மணி நேரம் ஆகும்.

ரெண்டு, நாளைக்கு ஆபீஸ் போனதும் எச்.ஆர்.கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம குரூப் பாலிசியில ரூம் ரென்ட் லிமிட் இருக்கா? இருந்தா எவ்வளவு?" அந்த எண்ணை ஃபோன்ல நோட் பண்ணி வெச்சு, வீட்டுல இருக்கிறவங்களுக்கும் சொல்லிடுங்க. ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல நிக்கும்போது அதைத் தேடிக்கிட்டு இருக்க நேரம் இருக்காது.

அந்த அக்கா இன்னும் என்கிட்ட பேசிக்கிட்டுதான் இருக்காங்க. வளையலை ஏழு மாசத்துல மீட்டுட்டாங்க. அடுத்த வருஷ புதுப்பிப்புக்கும் எம்.டி. என்னைத்தான் ரிப்போர்ட் எழுதச் சொன்னார். இந்தத் தடவை ஒன்பது பக்கம். அறை வாடகை வரி முதல் பக்கத்துல, மூணாவது வாக்கியத்துல இருந்துச்சு. அவர் அந்தப் பக்கத்தைப் படிச்சு முடிச்சதும் கையெழுத்துப் போட்டார், ஏ-க்கு.